பார்க்காமல் விட்டவர்களும் ஏன் கலங்கினார்கள்? லெட்டர்மேனின் கடைசி எபிசோட் பற்றி

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் திருப்பிச் சொல்கிறேன். 2015 மே 20 அன்று டேவிட் லெட்டர்மேன் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் ‘லேட் ஷோ’ என்ற தன் பின்னிரவுப் பேச்சு நிகழ்ச்சியைக் கடைசியாக நடத்தி முடித்தார். அழுதேன், தொண்டை அடைத்தது, வீட்டில் ஒருவர் போனதுபோல் இருந்தது என்று ஏராளமானோர் எழுதினார்கள். அவர்களில் பலர் அதே மூச்சில், நிகழ்ச்சியைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது என்றும் சொன்னார்கள். ஒரு சாதாரண இரவில் சுமார் முப்பது லட்சம் பேர் பார்த்த நிகழ்ச்சி, கடைசி இரவில் மட்டும் 1 கோடியே 37 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு பிரியம் இருந்திருந்தால் அதற்கு முன் ஏன் பார்க்கவில்லை, இது ஊரோடு சேர்ந்து காட்டிய உணர்ச்சிதானே என்பது உங்கள் கேள்வி. இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பார்ப்பதும் பிரியம் வைப்பதும் ஒன்றுதானா என்பது ஒன்று. நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவருக்காக வரும் துக்கம் அசலா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் வேறுவேறு, அதனால் பிரித்துப் பிரித்தே சொல்கிறேன்.

நான் படித்தது தகவல் தொடர்பியல். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு கல்லூரியில் பல வருஷங்களாகத் தொலைக்காட்சி வரலாறும் பார்வையாளர் ஆய்வும் நடத்தி வருகிறேன். மனநல மருத்துவம் என் துறை இல்லை, இந்த நிகழ்ச்சிகளின் உள்ளே வேலை பார்த்ததும் இல்லை. ஆகவே ரேட்டிங் எப்படி எடுக்கிறார்கள், இந்த நிகழ்ச்சிகள் எப்படிக் கட்டப்பட்டன, ஆய்வுகள் எதைக் காட்டின என்பதையெல்லாம் உறுதியாகச் சொல்வேன். ஒருவர் மனசுக்குள் என்ன நடந்தது என்று வரும்போது, அது என் கருத்து மட்டும்தான் என்று சொல்லிவிட்டே சொல்வேன்.

எண்களிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் உங்கள் சந்தேகம் அங்கிருந்துதான் பிறந்திருக்கிறது. ‘ஒரு இரவுக்கு முப்பது லட்சம்’ என்பது சராசரி. அதே முப்பது லட்சம் பேர் தினமும் வந்து உட்கார்ந்தார்கள் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. வாரத்துக்கு ஒருநாள் பார்ப்பவர், தூக்கம் வராத ராத்திரியில் மட்டும் பார்ப்பவர், பிடித்த நடிகர் வரும் அன்று மட்டும் பார்ப்பவர், மாசத்துக்கு ஒருமுறை தொடக்கத்தில் தொகுப்பாளர் தனியாக நின்று பேசும் மோனோலாக் வரைக்கும் பார்த்துவிட்டு டிவியை அணைப்பவர் என்று மாறி மாறி வந்துபோகிறவர்கள்தான் அந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி. ஒரு மாதத்தில் ஒருமுறையாவது எட்டிப் பார்த்தவர்களை எண்ணினால், ஒரு இரவின் சராசரியைவிட எப்போதும் மிகப் பெரிய எண்தான் வரும். இது லேட் நைட் ஷோவுக்கு மட்டும் உரியதல்ல, தினசரி ஓடும் எந்த நிகழ்ச்சிக்கும் கணக்கு இப்படித்தான். கடைசி இரவில் நடந்தது என்னவென்றால், வேறுவேறு இரவுகளில் சிதறி வந்தவர்கள் எல்லாரும் ஒரே இரவில் வந்தார்கள். அதனால் ‘முன்பே ஏன் பார்க்கவில்லை’ என்ற கேள்விக்குப் பாதிப் பதில், அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், தினமும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மீதிப் பாதியும் இருக்கிறது. அந்த ஒரு கோடிக்கு மேலான பேரில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. அன்றைக்குப் போட்டியாளர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏபிசியில் ஜிம்மி கிம்மல் புது எபிசோட் போடாமல் பழையதை மறு ஒளிபரப்புச் செய்தார். டிபிஎஸ்ஸில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த கோனன் ஓ’பிரையன், லெட்டர்மேன் தொடங்கும் நேரம் வந்ததும் சேனலை மாற்றி அவரைப் பாருங்கள் என்று தன் பார்வையாளர்களிடமே சொன்னார். இப்படியெல்லாம் நடந்த இரவின் எண்ணை மற்ற இரவுகளோடு வைத்து ஒப்பிட முடியாது. தவிர, டிவி பார்ப்பவர்களை எண்ணும் நீல்சன் நிறுவனம் அப்போது எடுத்த கணக்கு, மாதிரியாகத் தேர்ந்த வீடுகளில் எந்த சேனல் ஓடுகிறது, யார் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து வந்தது. பார்த்தவர் உருகினாரா, பாதியில் தூங்கிப்போனாரா என்பது அதில் தெரியாது. ஜே லெனோ 2014 பிப்ரவரி 6 அன்று என்பிசி சேனலின் பின்னிரவு நிகழ்ச்சியான ‘டுநைட் ஷோ’விலிருந்து விடைபெற்றபோது 1 கோடியே 46 லட்சம் பேர் பார்த்தார்கள், அதாவது லெட்டர்மேனைவிட அதிகம். ஆனால் இன்றுவரை மக்கள் திரும்பத் திரும்பப் பேசுவது லெட்டர்மேனின் கடைசி இரவைப் பற்றித்தான். லெனோவுக்கு முன் அதே ‘டுநைட் ஷோ’வை முப்பது வருஷம் நடத்திய ஜானி கார்சனின் கடைசி நிகழ்ச்சிக்கு ஐந்து கோடி என்று எல்லா இடத்திலும் படிப்பீர்கள், அது மதிப்பீடு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண் பெரிதாக இருந்தால் துக்கமும் பெரிது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதி. இந்த வகை நிகழ்ச்சி எங்கே, எப்போது, எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று பார்க்காமல் அந்தக் கண்ணீரைப் புரிந்துகொள்ள முடியாது. கிழக்குக் கடற்கரையில் இரவு 11 மணிக்கு உள்ளூர்ச் செய்தி. அது முடிந்து 11:35க்கு இந்த நிகழ்ச்சி. நான் இருக்கும் மத்திய நேரப் பகுதியில் ஒரு மணி நேரம் முன்னதாக, 10:35. பிள்ளைகள் தூங்கியாகிவிட்டது, சாப்பாட்டு மேசையைத் துடைத்தாகிவிட்டது, வீட்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகிறது, அந்த நேரத்தில் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்று இன்றைக்கு நாட்டில் என்ன நடந்தது என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். அதே மேசை, அதே நாற்காலி, பக்கத்தில் அதே இசைக்குழுத் தலைவர். லெட்டர்மேனுக்குப் பால் ஷாஃபர் 1982லிருந்து கடைசி நாள்வரை கூடவே இருந்தார். கதாபாத்திரம் என்று எதுவும் இல்லை, அந்த மனிதர் தன் சொந்தப் பெயரில், லென்ஸை நேராகப் பார்த்து ‘உங்களோடு’ பேசுகிறார். ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது அவர் நாளின் முடிவாகவே ஆகிவிடுகிறார்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர், 1956ல், ஒரு மனநல மருத்துவ ஆய்விதழில். தொலைவிலிருந்தே உண்டாகும் நெருக்கம் என்று அதைப் பற்றிப் பேசினார்கள், ஒருதலை உறவு என்று இன்று நாம் சொல்வதன் ஆரம்பம் அதுதான். கவனிக்க வேண்டியது, அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்டது சினிமா நட்சத்திரங்களை அல்ல, வானொலி, தொலைக்காட்சியில் நேராகப் பேசும் தொகுப்பாளர்களை. பின்னிரவில் ஒரு நண்பரோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுவதாக நினைத்துக்கொண்டு மைக்கில் பேசினேன் என்று டேவ் காரோவே என்ற தொகுப்பாளர் சொன்னதை அந்தக் கட்டுரையில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ‘டுநைட்’ தேசிய ஒளிபரப்பாகத் தொடங்கியது 1954 செப்டம்பரில், ஸ்டீவ் ஆலன் தொகுப்பில். ஆக இந்த நிகழ்ச்சி வகையும் இந்த ஆய்வும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பிறந்தவை. அந்த நெருக்கம் தற்செயலாக வந்ததில்லை, திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. திட்டமிட்டு உருவாக்கியது என்பதாலேயே அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட ஆசிரியர் சம்பளத்துக்குத்தான் வந்து பாடம் நடத்துகிறார், அதனால் பிள்ளைகளுக்கு அவர்மேல் வரும் பாசம் போலி ஆகிவிடுமா?

பிரிவு வரும்போது என்ன ஆகிறது என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2004 மே மாதம் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடர் முடிந்தபோது கெரன் இயால், ஜோனதன் கோஹன் என்ற ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வு நடத்தி 2006ல் வெளியிட்டார்கள். பிடித்த பாத்திரத்தோடு பிணைப்பு எவ்வளவு பலமாக இருந்ததோ அவ்வளவுக்கு வருத்தமும் இருந்தது, ஆனால் நிஜ வாழ்க்கைப் பிரிவு தரும் வருத்தத்தைவிட அது நன்றாகவே குறைவு. 2007 நவம்பரிலிருந்து 2008 பிப்ரவரிவரை எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தம் நடந்து பல நிகழ்ச்சிகள் நின்றுபோனபோதும் இதே மாதிரி ஆய்வு நடந்தது. தற்காலிகமாக நின்றதற்கே மக்கள் வருந்தினார்கள். ஆகவே இந்த வருத்தம் இருக்கிறது, அளக்க முடிகிறது, ஒரு நிஜமான இழப்பைவிட மென்மையானது, இவ்வளவையும் நான் தயங்காமல் சொல்வேன். சந்தேகத்துக்கு உரியது எது என்றால், தனிமையில் இருப்பவர்கள்தான் இப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்ற பேச்சு. 1985ல் உள்ளூர்ச் செய்தி பார்ப்பவர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வில் தனிமைக்கும் இந்தப் பிணைப்புக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே இல்லை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ ஆய்விலோ தனிமை உணர்வு உள்ளவர்களுக்குப் பிரிவு வருத்தம் கூடுதலாக இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்தால், தனிமை பிணைப்பை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது, பிணைப்பு அறும்போது தனியாக இருப்பவருக்கு வலி கூடலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். இன்னொரு குறையும் உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மாணவர்களையும் கற்பனைப் பாத்திரங்களையும் வைத்து நடந்தவை. முப்பது வருஷம் ஒரே மனிதர் சொந்தப் பெயரில் வந்து பேசியதற்கு அதை அப்படியே நீட்டிவிடக் கூடாது.

என் வகுப்பில் மாணவர்களையும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் இந்தக் கடைசி எபிசோடுகளைப் பற்றி எழுதச் சொல்வது வழக்கம். வந்தவற்றில் நான் திரும்பத் திரும்பக் கண்டது, யாரும் ஜோக்குகளைப் பற்றி எழுதுவதில்லை. அப்பா தூங்கப் போகாமல் இருக்க அனுமதித்த வெள்ளிக்கிழமைகள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தது, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தது, கணவர் இறந்தபிறகு வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று ஓடவிட்டது, இப்படித்தான் எழுதுகிறார்கள். இது ஒரு ஆசிரியரின் கவனிப்பு, முறையான ஆய்வு இல்லை. ஆனாலும் உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது: அவர்கள் அழுதது அந்த மனிதருக்காக என்பதைவிட, அவர் வந்துகொண்டிருந்த அந்த நேரத்துக்காகவும், அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்காகவும். பார்ப்பதை நிறுத்திவிட்டவர் ஏன் அழ வேண்டும் என்று கேட்டீர்கள். நாம் பார்க்காவிட்டாலும் அவர் அங்கே வந்துகொண்டுதான் இருப்பார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. என்றைக்கு வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்று இருந்தது. அது போய்விட்டது. தினமும் பார்த்தவருக்கு ஒரு வழக்கம் போயிற்று. விட்டுவிட்டவருக்குத் தன் வாழ்க்கையின் ஒரு பகுதி முடிந்துபோனதை அன்றைக்குத்தான் யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள். இரண்டாவது வகைக்காரர்கள் அதிகம் உடைந்துபோனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதற்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கார்சனையே தெரியாத, அவர் விடைபெற்றபோது பிறந்திராத பிள்ளைகளுக்கு அவருடைய கடைசி இரண்டு இரவுகளைப் போட்டுக் காட்டினால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது, சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கு எந்தப் பழக்கமும் இல்லை, எந்த ஞாபகமும் இல்லை. அப்படியென்றால் அந்த உணர்ச்சியில் ஒரு பங்கு விடைபெறும் விதத்திலிருந்தே வருகிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கார்சன் 1962 அக்டோபர் 1 அன்று தொடங்கி 1992 மே 22 வரை ‘டுநைட் ஷோ’வை நடத்தினார். ஒரு வருஷம் முன்பே போகிறேன் என்று அறிவித்துவிட்டார். கடைசிக்கு முந்தைய இரவில் நடிகர் ராபின் வில்லியம்ஸும் பாடகி பெட் மிட்லரும் வந்தார்கள். மிட்லர் அவரைப் பார்த்தே ஒரு பழைய பாட்டைப் பாட, கார்சனின் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருஷமாக எதிலும் பட்டும்படாமல் இருந்த மனிதர் அவர், அதனால்தான் அந்த முகம் பார்த்தவர்களை அப்படி உலுக்கியது. அதற்கு முந்தைய வருஷம்தான் அவருடைய மகன் ரிக் விபத்தில் இறந்திருந்தார், அதைப் பற்றி நிகழ்ச்சியிலேயே பேசியும் இருந்தார், பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். மறுநாள், கடைசி இரவில், விருந்தினரே கிடையாது. அரங்கில் குடும்பத்தாரும் நண்பர்களும் கூட வேலை செய்தவர்களும். பழைய காட்சிகளைக் காட்டிவிட்டு, முடிவில் ஒரு ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து நேராக நம்மிடம் பேசினார். தனக்குச் செய்யப் பிடித்ததும் உங்களுக்குப் பிடிக்கக்கூடியதுமான ஏதாவது கிடைத்துத் திரும்பி வந்தால், இதுவரை வீட்டுக்குள் அழைத்ததுபோலவே அப்போதும் அழைப்பீர்கள் என்று நம்புகிறேன் என்கிற அர்த்தத்தில் சொன்னார். ‘வீட்டுக்குள்’ என்றுதான் அவரும் நினைத்திருந்தார். அப்புறம் ஏறக்குறைய தொலைக்காட்சியையே விட்டு விலகி, 2005 ஜனவரியில் காலமாகும்வரை அமைதியாக இருந்துவிட்டார். கடைசி எபிசோடு உண்மையிலேயே கடைசியாக இருந்தது. அதனால்தான் அது இன்றைக்கும் அளவுகோலாக நிற்கிறது.

லெட்டர்மேனின் வழி வேறு. அவருக்கு உருகிப் பேசுவது வராது, வந்தாலும் அதை உடனே ஒரு ஜோக்கால் மூடிவிடுவார். ‘டுநைட் ஷோ’ எனக்குக் கிடைக்காது போலிருக்கிறது என்ற ஜோக்கோடுதான் அந்த இரவையும் தொடங்கினார். 1992ல் கார்சனின் நாற்காலி தனக்கு வராமல் லெனோவுக்குப் போனதை இருபத்து மூன்று வருஷம் கழித்து இப்படித் தொட்டார், தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே கலங்கினார்கள். என்பிசியிலும் சிபிஎஸ்ஸிலுமாகச் சேர்த்து 33 வருஷம், 6,028 நிகழ்ச்சிகள். பார்த்தவர்கள் அவரோடு சில விஷயங்களைக் கடந்து வந்திருந்தார்கள். 2000 ஜனவரியில் ஐந்து அடைப்புகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பிப்ரவரியில் திரும்பிய இரவில் தன்னைக் காப்பாற்றிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் மேடைக்கு அழைத்தார், அன்றைக்கு ஃபூ ஃபைட்டர்ஸ் இசைக்குழு அவருக்குப் பிடித்த ஒரு பாட்டை வாசித்தது. 2001 செப்டம்பர் 17, இரட்டைக் கோபுரம் விழுந்தபிறகு நியூயார்க்கிலிருந்து திரும்ப வந்த முதல் நிகழ்ச்சியில், சிரிக்க வைக்க முயலாமல் குரல் தடுமாறப் பேசினார். கடைசி இரவில் அதே இசைக்குழு வந்து அதே பாட்டை வாசிக்க, 33 வருஷத்துக் காட்சிகள் வேகவேகமாக ஓடி முடிந்தன. 2000ஐ நினைவு வைத்திருந்தவருக்கு அந்தப் பாட்டு ஒன்றைச் சொன்னது, தெரியாதவருக்கு வெறும் நல்ல பாட்டு. பார்த்த உங்களுக்கு நான் எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது என்று அவர் சொன்ன இடத்தில் ஜோக் எதுவும் பின்னால் வரவில்லை. அதற்கு முன் அவர் அப்படி விட்டதே அபூர்வம்.

மறுநாள் நடந்த ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். நிகழ்ச்சி நடந்த எட் சல்லிவன் அரங்கில் லெட்டர்மேனுக்குப் பின்னால் இருந்த நியூயார்க் நகரத்து மாதிரி செட்டை உடைத்து, பக்கத்துத் தெருவில் குப்பைத் தொட்டிகளில் போட்டார்கள். ரசிகர்கள் வந்து அதற்குள் இறங்கித் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர் பார்ப்பதற்காக மட்டும் வருகிற உணர்ச்சி குப்பைத் தொட்டிக்குள் இறங்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இதுவரை சொன்னது எல்லாம், தானாக முடிவெடுத்துப் போனவர்களைப் பற்றி. அனுப்பப்பட்டவர்களுக்கு வரும் எதிர்வினை வேறு ரகம், இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால்தான் குழப்பம் வருகிறது. கோனன் ஓ’பிரையன் விஷயம் இதற்குச் சரியான உதாரணம். 2009 ஜூன் 1 அன்று அவர் லெனோவிடமிருந்து ‘டுநைட் ஷோ’வை ஏற்றார். அதே செப்டம்பரில் என்பிசி லெனோவுக்கு இரவு 10 மணிக்கு வாரம் ஐந்து நாள் நிகழ்ச்சி கொடுத்தது. அது சரியாகப் போகவில்லை. அதற்கு அடுத்து 11 மணிக்கு வரும் உள்ளூர்ச் செய்திதான் அந்தந்த ஊர் நிலையங்களுக்கு விளம்பர வருமானம் தருவது, அதைப் பார்ப்பவர்கள் குறையவும் நிலையங்கள் என்பிசியை நெருக்கின. சமாளிக்க, லெனோவை 11:35க்குக் கொண்டுவந்து ‘டுநைட்’டை நள்ளிரவு தாண்டி 12:05க்குத் தள்ளப் பார்த்தார்கள். நள்ளிரவுக்கு அப்புறம் வந்தால் அது ‘டுநைட் ஷோ’வே இல்லை என்று 2010 ஜனவரி 12 அன்று கோனன் பகிரங்கமாக எழுதி மறுத்தார். ஜனவரி 22ல் எல்லாம் முடிந்தது. பத்து நாள்தான். கார்சனுக்கும் லெட்டர்மேனுக்கும் பார்வையாளர்கள் மனசைத் தயார் செய்துகொள்ள ஏறத்தாழ ஒரு வருஷம் இருந்தது, இங்கே பத்து நாள். அதனால் வந்தது கோபம். மழையில் நின்று ஊர்வலம் நடத்தினார்கள், அவர் படம் போட்ட ஆரஞ்சு நிறச் சுவரொட்டி எங்கும் பரவியது. கடைசி இரவை 1 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள், வழக்கமான இரவில் அதில் கால் பங்குதான் இருக்கும்.

அந்தக் கோபத்தை அப்படியே வளர்த்துவிட கோனனுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் செய்தது நேர் எதிர். எதிலும் நம்பிக்கையில்லாமல் கசந்து போகாதீர்கள், வாழ்க்கையில் யாருக்கும் நினைத்தது அப்படியே கிடைப்பதில்லை, கடுமையாக உழைத்து அன்பாக இருந்தால் நல்லது நடக்கும் என்று முக்கியமாக இளைஞர்களைப் பார்த்துச் சொன்னார். வேலை போன மனிதர் வாயிலிருந்து வந்ததால் அந்தப் பேச்சு இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. அதுவும், அவரோடு வேலை செய்தவர்களுக்காகச் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் ஈட்டுத்தொகை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த பிறகு. ஆனால் இங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். மார்ச் 1 அன்று லெனோ திரும்பி வந்ததும் ரேட்டிங்கில் மறுபடி முதலிடத்துக்குப் போய்விட்டார். மழையில் நின்றவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது, அவர்கள் அந்த வசந்தத்தில் கோனன் ஊர் ஊராக நடத்திய மேடை நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்துப் போனார்கள். லெனோவைப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள், வயதில் மூத்தவர்கள், சத்தம் போடாதவர்கள். சத்தமும் எண்ணிக்கையும் ஒரே கூட்டத்திலிருந்து வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஸ்டீஃபன் கோல்பேர் விஷயத்திலும் இதே இரண்டாவது ரகம்தான் தெரிந்தது. 2015ல் லெட்டர்மேனுக்குப் பின் அதே அரங்கில் வந்தவர் அவர். அடுத்த மே மாதத்தோடு ‘லேட் ஷோ’வே முடிகிறது என்று 2025 ஜூலை 17 அன்று அவர் சொன்னதும் அரங்கில் இருந்தவர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது வரிசை மட்டும்: சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், டொனால்ட் டிரம்ப் போட்ட வழக்கை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டது, கோல்பேர் அதைத் தன் நிகழ்ச்சியிலேயே லஞ்சம் என்று சாடினார், சில நாளில் ரத்து அறிவிப்பு வந்தது, நிறுவனம் கைமாறுவதற்கான அரசு ஒப்புதல் அப்போது நிலுவையில் இருந்தது. நிறுவனம் சொன்ன காரணம் பணம் மட்டும்தான், லேட் நைட் விளம்பர வருமானம் பல வருஷமாகச் சரிந்துவருவதும் உண்மை. எந்தக் காரணம் எவ்வளவு என்று வெளியிலிருந்து யாரும் பிரித்துவிட முடியாது. பார்வையாளர்கள் கோபப்பட்டதற்கு, அந்த வரிசையே போதுமானதாக இருந்தது.

எல்லாரும் கலங்கினார்கள் என்றும் எழுதிவிடக் கூடாது. லெட்டர்மேன் தன்னிடம் வேலை பார்த்த பெண்களோடு உறவு வைத்திருந்ததை 2009ல் நிகழ்ச்சியிலேயே ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் அவரைப் பழையபடி பார்க்க முடியவில்லை என்று என்னிடம் எழுதியவர்களில் பெண்கள் அதிகம், கடைசி இரவின் புகழுரைகள் அதைத் தாண்டிக் குதித்துப் போனது அவர்களை உறுத்தியது. அந்த உறுத்தல் நியாயமானது. அதேபோல ஆர்சீனியோ ஹால் 1989லிருந்து 1994 மே வரை நடத்திய நிகழ்ச்சி, அதுவரை லேட் நைட்டில் தங்கள் முகத்தையும் இசையையும் காணாத கறுப்பின இளைஞர்களுக்கு எவ்வளவோ பெரிய விஷயம். ஆனால் அது முடிந்ததற்குப் பத்திரிகைகள் கார்சனுக்கு ஒதுக்கிய இடத்தில் சிறு பங்கைக்கூட ஒதுக்கவில்லை. யாருடைய வருத்தம் பதிவாகிறது என்பதைப் பதிவு செய்கிறவர்கள்தான் தீர்மானித்தார்கள். பழைய செய்தித்தாளை மட்டும் வைத்து ‘மக்கள் எதிர்வினை’ என்று எழுதினால் இந்தப் பள்ளம் அப்படியே தொடரும்.

கடைசியாக, ஊரோடு சேர்ந்து வந்த உணர்ச்சிதானே என்ற உங்கள் சந்தேகம். ஓரளவு ஆமாம். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள் என்று தெரிந்து பார்க்கும்போது உணர்ச்சி கூடுகிறது, நாலு பேர் அழுதேன் என்று எழுதியதைப் பார்த்து ஐந்தாவது ஆள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார். எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல ஒரு கருவியும் கிடையாது. ஆனால் சாவு வீட்டிலும் நாம் தனியாக அழுவதில்லை, மற்றவர்கள் அழும்போதுதான் அடக்கியது வெளியே வருகிறது, அதை யாரும் நடிப்பு என்பதில்லை. நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமானால் கார்சனின் 1992 மே 21, 22 இரண்டு இரவுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரு வாரம் விட்டு லெட்டர்மேனின் கடைசி எபிசோடைப் பாருங்கள். பாட்டும் பழைய காட்சிகளும் வரும் இடங்களில் உங்களுக்கு என்ன ஆகிறது, அவர் லென்ஸைப் பார்த்து நேராகப் பேசும் இடத்தில் என்ன ஆகிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னது கைவண்ணம், பின்னதுதான் நான் சொன்ன உறவு. அப்புறம் வீட்டில் வயதான யாராவது இதையெல்லாம் அந்தக் காலத்தில் பார்த்தவராக இருந்தால், நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள்.